கோதண்டம் கேட்காத அலாரம்

27 நவம்பர் 1983, ஞாயிறு

இன்றைக்கும் மூன்று தடவை படகில் அலாரம் கத்தியது. முதலாளியின் விருந்தாளிகள் ஆறு பேர், பூநாரை பார்க்க மெட்ராஸிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு தடவையும் என்ஜினை நிறுத்தி, நங்கூரம் போட்டு, சூடு இறங்கக் கால் மணி நேரம் காத்திருந்தேன். வெயிலில் உட்கார்ந்து எல்லாருக்கும் முகம் கடுத்துவிட்டது. ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

மழைத் தண்ணீரில் ஏரி கலங்கிக் கிடக்கிறது. என்ஜினைக் குளிர வைக்கும் பம்பு தண்ணீரோடு சேற்றையும் இழுக்கிறது. உள்ளே ரப்பர் சக்கரத்தில் பல் உதிர்ந்திருக்கும். எந்த வெள்ளைக்காரரோ துறைமுகத்தில் விட்டுப்போன பழைய படகு இது. சூடு காட்டும் முள் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே செத்திருந்தது. சூடு ஏறினால் சொல்ல இருப்பது அந்த அலாரம் ஒன்றுதான்.

கோதண்டம் மட்டும் சிரித்தார். ஆழமில்லாத இடத்தில் கோல் போட்டுப் படகைத் தள்ளுவது, நங்கூரம் பார்ப்பது எல்லாம் அவர்தான்; சவாரி இல்லாத நாளில் கடலுக்கு மீன் பிடிக்கப் போவார். "கத்துற பொண்டாட்டி இருந்தாதான் பாய், வூடு உருப்படும்" என்றார்.

2 டிசம்பர்

ரப்பர் சக்கரம் வாங்கித் தரச் சொல்லி மேனேஜர் பூபதியிடம் மறுபடியும் கேட்டேன். பம்பாயிலிருந்து வர வேண்டுமாம். எழுதிப் போட்டிருக்கிறாராம்.

11 டிசம்பர், ஞாயிறு

பூபதி கூப்பிட்டார்.

"காஜா, அந்தச் சத்தம் இனிமே கேக்கக் கூடாது."

"சார், அது கத்தினாத்தான் நமக்குத் தெரியும்."

"முதலாளி வூட்டம்மா சொல்லிட்டாங்க. என்னை இன்னா பண்ணச் சொல்றே? ஒயரைக் கழட்டு. சக்கரம் வந்ததும் மாட்டிக்கோ."

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் இந்த இரண்டு அறை வீடு அவர்கள் கொடுத்தது. என் மகள் பரீதா மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படிக்கிறாள். முதலாளி தனசேகர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் கிடைத்த இடம் அது. வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டேன். இப்போது பார்த்தால் திரும்புகிற பக்கமெல்லாம் அவர்கள் சுவர்.

12 டிசம்பர்

கழற்றிவிட்டேன். டாஷ்போர்டுக்குப் பின்னால், சிவப்பு ஒயர். நுனியில் டேப் சுற்றி உள்ளே தள்ளினேன்.

வழக்கமாகச் சாவியைத் திருப்பினால் ஒரு கத்து கத்தும். என்ஜின் ஓடி ஆயில் ஏறியதும் அடங்கும். இன்று திருப்பினேன், ஒன்றுமில்லை. கோதண்டத்துக்கு உடனே தெரிந்துவிட்டது.

"இன்னா பாய், சத்தமே காணோம்?"

"ரிப்பேர் பண்ணிட்டேண்ணே. இனிமே நெஜமா சூடானாத்தான் கத்தும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

1 ஜனவரி 1984

சக்கரம் வரவில்லை. நாலு நடை போய் வந்தோம், ஒன்றும் ஆகவில்லை. நானே அவ்வப்போது கையை வைத்து என்ஜின் மூடியின் சூட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

17 ஜனவரி

நேற்றும் முந்தாநாளும் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

பதினைந்தாம் தேதி. பொங்கல் லீவுக்கு முதலாளி வீட்டு உறவுக்காரர்கள் ஐந்து பேர். ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரம் வரைக்கும் போக வேண்டும் என்றார்கள். டிரான்சிஸ்டரில் பாட்டு, ஒரே பேச்சு, சிரிப்பு. நான் கையை வைத்துப் பார்க்க மறந்துபோனேன். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரப்பர் தீய்கிற வாசனை வந்தது. என்ஜினை நிறுத்தினேன். பின்னால் நின்ற கோதண்டத்திடம் சொன்னேன் — "அண்ணே, மூடியைத் தூக்கிப் பாருங்க."

நான்தான் சொன்னேன்.

அவர் தூக்கினார். அதே நேரம் உள்ளே குழாய் வெடித்தது. ஆவி நேராக முகத்தில். அவர் கத்தவில்லை. கோலைத் தேடுகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றினோம். இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். ஏரியில் தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் காலை வைத்தால் சேறு விழுங்கும். இறங்கி ஓடவும் வழியில்லை. கரை சேர ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் அவர் தலை என் மடியில்.

ஜீப்பில் பொன்னேரி போய், அங்கிருந்து மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி. வலது கண் தப்பும் என்கிறார்கள். இடது கண் போய்விட்டது.

18 ஜனவரி

காலையில் பூபதி வந்து, "ஒயரை மாட்டிடு" என்றார்.

மாட்டினேன்.

20 ஜனவரி

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். அலாரம் நன்றாகக் கத்தியது. "நல்லாத்தானே வேலை செய்யுது" என்று எழுதிக்கொண்டார்.

பிறகு பூபதி ஒரு தாள் நீட்டினார். டைப் அடித்தது. அலாரம் ஒலித்தது, படகோட்டி காஜா மைதீன் உடனே என்ஜினை நிறுத்தி யாரும் மூடியைத் தொடக் கூடாது என்று எச்சரித்தார், கோதண்டம் அதைக் காதில் வாங்காமல் திறந்தார்.

"படகுல இருந்தவங்க இன்னா சொன்னாங்க சார்?"

"பாட்டுச் சத்தத்துல கவனிக்கலன்னு சொல்லிட்டாங்க. இதோ பாரு காஜா, ஒயரைக் கழட்டுனது யாரு கை? மூடியைத் தூக்கச் சொன்னது யாரு வாய்? இது உன்னைக் காப்பாத்தறதுக்குத்தான். எனக்கும் மேல ஆள் கீறாங்க."

கையெழுத்துப் போட்டேன். தெளிவாகத்தான் போட்டேன்.

21 ஜனவரி

மனைவி கைருனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள், கையை எடுக்கவே இல்லை. கடைசியில் கேட்டாள்: "இப்ப மாத்திச் சொன்னா அவருக்குக் கண்ணு வந்துருமா?"

"வராது."

"பரீதா பத்தாவது முடிக்கட்டும்."

3 மார்ச்

கோதண்டம் ஊருக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஏரிக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பத்தில் வீடு. போகவில்லை.

11 மார்ச், ஞாயிறு

போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஆரஞ்சு!

முகத்தில் பாதி வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. இடது கண்ணில் துணி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மனைவி பச்சையம்மா டீ கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேருக்கும் என் மேல் ஒரு கோபமும் இல்லை. "பாய் மடியில வெச்சிக் கூட்டியாந்தாரு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது கோதண்டம் என் கையைப் பிடித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாய், அன்னிக்கு அலாரம் கத்துச்சாமே. நீ வேற தொடாதேன்னு சொன்னியாம். எனுக்கு ரெண்டும் கேக்கல பாய். ரப்பரு நாத்தம் தெரிஞ்சிது. நீ தூக்குன்னு சொன்னா மாதிரிதான் காதுல வுழுந்துது. அப்போ கண்ணோட சேந்து காதும் போயிருக்கா? இல்ல, முன்னாடியே போய்ட்டு எனுக்குத்தான் தெரியலையா?"

நான் என்ன சொன்னேன்? "பாட்டுச் சத்தம்ண்ணே" என்று முனகினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

12 மார்ச்

அவருக்குச் சரியாகத்தான் கேட்டது. நான் சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டது.

8 ஏப்ரல்

பச்சையம்மா அக்கா இறால் கொண்டுவந்து கைருனிடம் கொடுத்தார். நான் உள்ளே இருந்தேன், வெளியே வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோதண்டம் இனிமேல் கடலுக்குப் போவதில்லையாம். மருமகன் தாமோதரன் கூப்பிட்டும் போகவில்லை. "ஒரு கண்ணு போனா கடலுக்குப் போலாம், காது போனா போகக் கூடாது. பின்னாடி வர்ற அலைய காதுதான் பாக்கும். என்னால நாலு பேரு சாவக் கூடாதுன்றாரு" என்று சொன்னார். மேலும் சொன்னார் — அவர் இப்போது டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொள்கிறார். யாராவது பேசினால் வாயையே பார்க்கிறார். சரியாகக் கேட்டாலும் "இன்னா, இன்னா" என்று இரண்டு தரம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்கிறார்.

இறாலை நான் சாப்பிடவில்லை. கைருனும் சாப்பிடவில்லை. பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டாள்.

9 ஏப்ரல்

கண்ணைப் பறித்தது விபத்து. காதைப் பறித்துக்கொண்டிருப்பது நான். தினமும், சும்மா இருந்துகொண்டே.

29 ஏப்ரல்

பரீதா லீவுக்கு வந்திருக்கிறாள். பரீட்சையில் வகுப்பில் மூன்றாவது. என் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தா, நீங்க ஏன் இப்பல்லாம் படகைப் பத்திப் பேசறதே இல்ல?" என்று கேட்டாள். வேலை அதிகம் என்றேன்.

அவளைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

14 மே

ரப்பர் சக்கரம் வந்துவிட்டது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. மாட்டினேன். படகு வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. கோல் போட வேறு ஆள்.

26 மே

தாமோதரன் மாமனாருக்காக நஷ்டஈடு கேட்டுப் பெட்டிஷன் போட்டிருக்கிறான். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி பொன்னேரியில் விசாரணை. முதலாளியின் கம்பெனி பக்கத்துச் சாட்சி நான்.

பூபதி சொன்னார்: "தாள்ல கீறதையே சொல்லு. மாத்திச் சொன்னே, பொய்க் கையெழுத்துக்கு உன்னைத்தான் உள்ள வெப்பாங்க. உன் பொண்ணு ஊட்டுக்கு வந்துரும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்கோ."

மிரட்டுகிற குரல் இல்லை அது. கெஞ்சுகிற குரல். அவர் வீட்டிலும் மூன்று பிள்ளைகள்.

2 ஜூன்

நோன்பு ஆரம்பம்.

7 ஜூன்

பரீதா ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போனாள். பத்தாவது. ரயில் ஏற்றிவிட்டு பொன்னேரி ஸ்டேஷனிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்து வந்த வண்டியும் போய்விட்டது. எங்கே போவது? வீட்டுக்குத்தான். அது யார் வீடு?

9 ஜூன்

கைருன் துணி எடுக்கப் போயிருந்தாள். படகுத் துறையில் கோதண்டம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாராம். இவளுக்கு என்ன தோன்றியதோ, இருபது அடி தள்ளி நின்று, சின்னக் குரலில் "அண்ணே" என்றிருக்கிறாள். உடனே திரும்பினாராம்.

"கத்திக் கூப்ட்டியாம்மா? ரொம்ப நேரமா கூப்புடறியா?"

இவள் "ஆமாண்ணே, ரொம்ப நேரமா" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வாயில தானா வந்துருச்சுங்க. எனக்கே தெரியாம வந்துருச்சு." நோன்பு திறக்கக் கஞ்சி வைக்கவில்லை. பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான். பிறகு சொன்னாள்:

"போய்ச் சொல்லிட்டு வாங்க. பரீதா எங்க இருந்தாலும் படிப்பா."

10 ஜூன், ஞாயிறு

காலையில் ஊர்ப் படகில் ஏறிக் குப்பத்துக்குப் போனேன். கோதண்டம் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணே, உங்க காது நல்லாத்தான் கீது. அன்னிக்கு அலாரம் கத்தல. ஒயரை நான் ஒரு மாசம் முன்னாடியே கழட்டிட்டேன். ரிப்பேர் பண்ணேன்னு சொன்னது பொய். மூடியைத் தூக்கச் சொன்னதும் நான்தான்."

வலையை விடாமல் கையில் பிடித்திருந்தார்.

"எத்தினி நாளா தெரியும் உனுக்கு?"

"அன்னிலேந்து."

"அஞ்சு மாசம்."

"ஆமா."

பச்சையம்மா அக்காவைக் கூப்பிட்டார். அவரிடமும் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன்.

"பாய், நா இந்தாளை எத்தினி வாட்டி செவிடன்னு ஏசிக்கீறேன் தெரியுமா?" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

கோதண்டம் என் முகத்தைப் பார்த்தார். "நோன்பா?"

"ஆமா."

"இத்த வயித்துல வெச்சிக்கினு எப்பிடி நோன்பு வெச்சே?"

"பதினெட்டாம் தேதி அங்கயும் இதையே சொல்றேண்ணே" என்றேன்.

"சொல்லு, சொல்லாம போ. இப்ப என் கண்ணுல நிக்காதே."

திரும்பி வரும்போது படகில் எல்லாரும் ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். யாரும் கேட்கவில்லை.

17 ஜூன்

நாளைக்கு. பயமாகத்தான் இருக்கிறது. ஜெயில் என்றால் எத்தனை நாள்? கைருன் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

18 ஜூன், திங்கள்

சொல்லிவிட்டேன்.

விசாரணை நடத்திய அதிகாரி தாளைக் காட்டிக் கேட்டார், "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"இதுல இருக்கிறது?"

"பொய்ங்க."

கம்பெனி வக்கீல் எழுந்து நின்றார். யாராவது மிரட்டினார்களா, குப்பத்துக்காரர்கள் ஏதாவது கொடுத்தார்களா என்றெல்லாம் கேட்டார். இல்லை என்றேன். ஒயரைக் கழற்றச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டார். "மேனேஜர் சொன்னார். கழட்டினது நான்." மூடி? "நான்தான் தூக்கச் சொன்னேன்." ஒரு குமாஸ்தா எழுதிக்கொண்டே இருந்தார். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். மறுபடியும் ஒரு கையெழுத்து. இந்தத் தடவை எழுத்து கோணலாகப் போனது.

கோதண்டம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் என் வாயைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

வெளியே பூபதி, "எல்லாரையும் சேத்து முழுக அடிச்சிட்டியே காஜா" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

20 ஜூன்

பத்து நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. சாவியைக் கொடுத்துவிட்டேன், படகுச் சாவியை.

28 ஜூன்

ஹாஸ்டலிலிருந்து பரீதாவைக் கூட்டிவந்தேன். ரயிலில் மீஞ்சூர் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். என் மேல் கோபம். நியாயமான கோபம். "எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அத்தா" என்றாள் பிறகு. "சொல்லியிருந்தா நானே வேணாம்னு வந்திருப்பேன்." அப்படி வந்திருப்பாளா, தெரியாது. பதினைந்து வயசுக்கு அது பெரிய பேச்சு.

1 ஜூலை

பெருநாள். பள்ளிவாசல் பின்னால் ஒரு வீட்டின் பாதிப் பகுதியில் குடிவந்துவிட்டோம். ஓடு ஒழுகுகிறது. தொழுகையில் இரண்டு மூன்று பேர் என்னைக் கட்டித் தழுவாமல் நகர்ந்து போனார்கள். முதலாளி வீட்டுக்கு ஐஸ், மீன் என்று கொடுப்பவர்கள் அவர்கள்.

16 ஜூலை

பொன்னேரியில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடையில் வேலை. பரீதா அங்கேயே ஸ்கூலில். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ். முதல் வாரம் முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டாள்.

27 ஜூலை

தீர்ப்பு கோதண்டத்தின் பக்கம். கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். என் மேல் தனியாக நடவடிக்கை வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தால் வரட்டும். கடையில் சொல்லி வைத்துவிட்டேன்.

5 ஆகஸ்ட்

காட்டூரில் ஒரு கிணற்று மோட்டார். நாள் முழுக்க அதோடுதான்.

13 ஆகஸ்ட், திங்கள்

குப்பத்தில் ஆடித் திருவிழா. கோயிலுக்கு எடுத்துவந்த ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்று நேற்று கடைக்கு ஆள் வந்தது. போக மாட்டேன் என்று சொல்லத் தோன்றியது. போனேன். நேற்று சாயங்காலமே சரியாகிவிட்டது, ஆனால் கடைசிப் படகு போய்விட்டதால் கோயில் பக்கத்திலேயே படுத்திருந்தேன்.

விடிந்ததும் கடற்கரைப் பக்கமாக நடந்தேன். தாமோதரனும் இன்னும் இரண்டு பேரும் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் கோதண்டம். முண்டாசு கட்டி, வேட்டியை மடித்துக் கட்டி. அலை பெரிதாக வந்துகொண்டிருந்தது. கடலுக்கு முதுகைக் காட்டி, படகைத் தோளால் முட்டி நின்றார். "இரு... இது வேணாம்... அடுத்தது" என்று அலையைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவருக்கு இடது பக்கம், கண் போன பக்கம், தள்ளி நின்றேன்; காலடியில் கிளிஞ்சல் நொறுங்கியது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஈர மணலில் படகின் பின்பக்கம் பதிந்துவிட்டது. ஒரு ஆள் குறைச்சல்.

அவர் தலையைத் திருப்பவில்லை.

"கை வை பாய்" என்றார்.